அந்த 38 டொலர்

டொரொன்டோவின் ஸ்காபரோவில் இரண்டே நாற்காலி உள்ள ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையும் கணக்கும் என் பொறுப்பு. பல் காப்பீடு இல்லாதவர்களின் சிகிச்சைக்கு அரசாங்கம் காசு கொடுக்கும் கனடியப் பல் பராமரிப்புத் திட்டத்தில் நாங்கள் 2024 ஏப்ரலில் சேர்ந்தோம். திட்டம் மே 1 அன்றுதான் தொடங்கவிருந்தது. ஆனால் அதற்கு முன்பே, "அட்டை வந்துவிட்டது பிள்ளை, நீங்கள் அதை எடுப்பீர்களா?" என்று முதியவர்கள் தொலைபேசியில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சேரலாமா வேண்டாமா என்று வேறு கிளினிக்குகளில் இருப்பவர்கள் இன்றும் என்னைக் கேட்கிறார்கள். சேருங்கள். ஆனால் நான் பட்டதைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பதிவு செய்வதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வைத்தியரின் ஒன்பது இலக்க எண், கிளினிக்கின் நான்கு இலக்க எண், வங்கி விவரம், உடன்படிக்கை. அவ்வளவுதான். நான் சறுக்கியது அந்த நான்கு இலக்கத்தில். எங்களிடம் வேலை செய்யும் இளைய வைத்தியர் வாரத்தில் இரண்டு நாள் பக்கத்து மார்க்கம் நகரத்தில் வேறொரு கிளினிக்குக்கும் போகிறவர். அவருடைய பழைய படிவத்தைப் பார்த்து எழுதியபோது, மார்க்கத்து எண்ணை எங்களுடையது என்று நினைத்து எழுதிவிட்டேன்.

மே மாதம் பெரிய வைத்தியரின் கிளெயிம்கள், அதாவது சிகிச்சைக் காசைத் திட்டத்திடம் கேட்டு அனுப்பும் கணக்குகள், ஒழுங்காகப் போயின. இளையவருடையவை பதினொன்றும் திரும்பி வந்தன. நான் உடனே குற்றம் சாட்டியது கணினி மென்பொருளை. அந்த நிறுவனத்தின் உதவிப் பிரிவில் இருந்தவரும் ஒரு நாளும் "எண்ணைச் சரிபாருங்கள்" என்று சொல்லவில்லை. மூன்று முறை கணினியை அணைத்துப் போடச் சொன்னார். நான்காம் முறை புதிய பதிப்பை இறக்கச் சொன்னார். இரண்டு வாரம் இப்படியே போனது. கடைசியில் ஒரு மதியம், கையில் தேநீருடன் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்த இளைய வைத்தியர், "அக்கா, இது மார்க்கத்து எண் அல்லவா?" என்றார். கண்டுபிடிக்க ஐந்து விநாடி. எனக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. ஜூலை 8 முதல், முறையாகப் பதிவு செய்யாத வைத்தியர்களும் ஒவ்வொரு கிளெயிமாக அனுப்பலாம் என்று விதியைத் தளர்த்திவிட்டார்கள். மூன்று மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர்கள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள்.

அடுத்த அடி, திகதியில் விழுந்தது. தகுதி உண்டு என்று வந்த கடிதம் வேறு, காப்பீடு தொடங்கும் நாள் வேறு. ஓர் அம்மா கடிதத்தை மட்டும் கொண்டுவந்தார், நானும் தலையாட்டிவிட்டேன். திங்கட்கிழமை இரண்டு பல் அடைத்தோம். அவருடைய காப்பீடு தொடங்கியது வியாழக்கிழமை. தொடங்கும் நாளுக்கு முன்பு செய்த சிகிச்சைக்கு ஒரு சதமும் வராது. பெரிய வைத்தியர் என்னைத் திட்டவில்லை, கணக்கைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது அட்டையையும் தொடக்க நாளையும் கண்ணால் பார்க்காமல் யாரையும் நாற்காலியில் உட்கார விடுவதில்லை.

கிரவுன் (உடைந்த பல்லுக்கு மேல் போடும் மூடி) போன்ற பெரிய வேலைகளுக்கு முன் அனுமதி கேட்கும் முறை 2024 நவம்பர் 1 அன்று வந்தது. எங்கள் முதல் கோப்பு, கடைவாய்ப் பல் பாதி உடைந்த ஓர் ஐயாவுடையது. எங்கள் பழைய மென்பொருளில் எக்ஸ்ரேயை இணைத்து அனுப்ப வசதி இல்லை. எல்லாவற்றையும் அச்சடித்து, பெரிய உறையில் போட்டு, நவம்பர் 14 அன்று தபாலில் சேர்த்தேன். மறுநாள் தபால் ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. டிசம்பர் 17 வரை அந்த உறை எங்கே கிடந்ததோ, அந்த ஐயா மட்டும் ஒரு பக்கத்தால் சப்பிக்கொண்டு வாரம் ஒரு முறை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

ஜனவரியில் பதில் வந்தது: தகவல் போதாது. எக்ஸ்ரே இருந்தது, பல் முரசின் (ஈறின்) ஆழத்தை அளந்த குறிப்பு இல்லை. அளந்திருந்தோம், உறையில் வைக்க மறந்திருந்தோம்! வேலைநிறுத்தத்தைத் திட்டித் தீர்த்த வாயை மூடிக்கொண்டேன். மென்பொருளை மாற்றி, எல்லாவற்றையும் ஒன்றாக மின்வழியில் அனுப்பிய பிறகு அனுமதி கிடைத்தது. அன்று கிளினிக்கில் கேக் வெட்டாத குறைதான். கோப்பு அனுப்பும் முன் இரண்டாவது ஆள் ஒருவர் அதைத் திறந்து பார்ப்பது இப்போது எங்கள் வழக்கம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வாட்டியது 38 டொலர்.

குடும்பத்தின் சரிசெய்யப்பட்ட நிகர வருமானம் 70,000 டொலருக்குக் கீழே என்றால் திட்டம் நூறு வீதம் கொடுக்கும். அதற்கு மேல் 79,999 வரை நோயாளியின் பங்கு 40 வீதம், 89,999 வரை 60 வீதம். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அந்த நூறு எதில் நூறு என்பது. திட்டம் தன்னுடைய விலைப் பட்டியலில்தான் நூறு வீதம் கொடுக்கிறது. ஒன்ராறியோ பல் வைத்தியர் சங்கத்தின் கட்டண வழிகாட்டியைப் பார்த்துக் கட்டணம் வாங்கும் கிளினிக், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நோயாளியிடம் கேட்கலாம். நாங்கள் கேட்டோம். பல் துப்புரவு முடித்து, வாய் கொப்பளித்து, மேலங்கியைப் போட்டுக்கொண்டு நின்ற எண்பது வயது அம்மாவிடம் 38 டொலர் என்றேன்.

"அரசாங்கம் தருகிற காசுதானே பிள்ளை, பிறகு என்னிடம் ஏன் கேட்கிறாய்?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் ஏதோ களவாடுகிறேன் என்பதுபோல். அவர் கைப்பையைத் திறந்து, மடித்த இருபது டொலர் தாள் இரண்டை எடுத்து வைத்தார். மிச்சம் இரண்டு டொலரை எண்ணி வாங்கிக்கொண்டு போனவர், பிறகு வரவே இல்லை.

அதன் பிறகு ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைத்தேன்: திட்டம் எவ்வளவு கொடுக்கும், நாங்கள் எவ்வளவு கேட்போம், முழுவதையும் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு திட்டத்திடம் திருப்பி வாங்க முடியாது, கிளெயிம் எங்களிடமிருந்து நேரே போக வேண்டும். வாயைத் திறக்கும் முன்பு இதை வாசித்துக் காட்டிவிட்டே உள்ளே அனுப்புகிறோம். கேட்டுவிட்டு எழும்பிப் போனவர்கள் உண்டு. மேசையில் சண்டை இல்லை.

கடைசியாகப் புதுப்பித்தல். காப்பீட்டு வருடம் ஜூன் 30 அன்று முடிகிறது. 2025 ஜூலை முதல் வாரம் ஒரு தாத்தா அதே அட்டையுடன் வந்தார், காப்பீடு இல்லை என்று திரை சொன்னது. அவர் வருமான வரிக் கணக்கைச் சரியாகக் கொடுத்திருந்தார், மனைவியுடையது போகவில்லை. இருவருடையதும் போனால்தான் புதுப்பிக்க முடியும். பொய்ப்பல்லுக்கு அளவெடுக்க வந்தவரை அப்படியே வரிக் கணக்குப் பார்ப்பவரிடம் அனுப்பினேன்.

இப்போது ஏப்ரல் பிறந்தால் பட்டியலை எடுத்துக்கொண்டு மாலையில் ஒருமணி நேரம் தொலைபேசியில் உட்காருகிறேன். "ஐயா, வரிக் கணக்குக் கொடுத்தாயிற்றா?" என்பேன். "கொடுத்தாயிற்று பிள்ளை" என்பார். "அம்மாவுடையது?" என்பேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது.