சவரக்கத்திக்குப் பச்சைத் தூள்: தண்ணியில் அடையவிட்டுப் பிரித்தெடுத்தது

சீமெந்துத் தரைக்குக் கலக்கிற பச்சைச் சாயத்தூள் சவரக்கத்தி தீட்டத் தோதாக வந்துவிட்டது. விரலில் பிடித்துத் தொங்கவிட்ட தலைமயிர், பிடித்த இடத்தில் இருந்து ஒரு சென்ரிமீற்றர் தள்ளியே அறுகிறது, முகத்தில் எரிவும் இல்லை. ஆனால் பைக்கற்றில் குரோமியம் ஒட்சைட்டு என்று போட்டிருக்க வேணும். மலிவான பச்சைத் தூள்களில் சோக்குத் தூள் கலப்பு இருக்கலாம். தேசிக்காய்ப் புளி ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதைத் தரைக்கே விட்டுவிடலாம்.

சரியான தூளையும் வந்தபடியே பூசக் கூடாது. சாயத்துக்கு அரைத்தது என்பதால் பருமன் ஒரே சீராக இராது. அரை மைக்ரோன் (மைக்ரோன் என்றால் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மணிகளுக்கு நடுவே ஐந்து மைக்ரோன் மணி ஒன்று கிடந்தாலே கத்தி வாயில் கோடு விழும். அந்தக் கோடுதான் முகத்தில் எரிகிறது. ஆகையால் அடையவிட்டுப் பிரிக்க வேணும். உயரமான கண்ணாடிப் போத்தலில் வடித்தெடுத்த தண்ணி, பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு, ஒரு தேக்கரண்டி தூள். சோப்பு இல்லாவிட்டால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, நுண்ணியதும் பருமனோடு சேர்ந்து இறங்கிவிடும். நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்தில் ஐந்து மைக்ரோன் மணி அரை மணித்தியாலத்தில் அடியில் போய்விடும், இரண்டு மைக்ரோன் மணிக்கு ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் பிடிக்கும். மணியின் பருமன் பாதியானால் இறங்கும் வேகம் காற்பங்காகும், அதுதான் கணக்கு. மூன்றரை மணித்தியாலம் விட்டு, மேலே உள்ள எட்டுச் சென்ரிமீற்றரை மட்டும் சேலைன் குழாயால் உறிஞ்சி எடுங்கள். போத்தலைச் சரித்து ஊற்றினால் அடி கலங்கி, பட்ட பாடு வீண். எடுத்த பச்சைத் தண்ணியை மூடி இரண்டு மூன்று நாள் வைத்தால் களி போல அடையும். அதைத் தட்டில் நிழலில் காயவிடுங்கள். காய்ந்த தூளை ஊதவோ இடிக்கவோ வேண்டாம், மூக்கில் சீலை கட்டிக்கொண்டு, எண்ணெய் விட்டு ஈரமாக்கியே குழையுங்கள்.

இனித் தூளைப் பூசுகிற மேற்பரப்பு. கனபேர் பூசுகிற பேஸ்ற்றின் மணி இலக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். என் எண்ணத்தில் மேற்பரப்பின் கடினம்தான் முதல். தோல் அமுங்கி, கத்தி கடந்து போனதும் நிமிர்ந்து வாயின் நுனியைச் சுற்றி வளைக்கும். வெறும் தோலில் அது நன்மை, பேஸ்ற் பூசிய தோலில் அதே அசைவு நுனியை உருட்டிவிடும். அதனால் பச்சைக்கு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகைத் துண்டு, 8 × 25 சென்ரிமீற்றர். மேலே உள்ள மினுக்கத்தை, கண்ணாடியில் ஒட்டிய 400 சான்ட்பேப்பரில் தேய்த்து எடுங்கள். முதலில் பென்சிலால் கோடு கிழித்துவிட்டால் பள்ளம் எங்கே என்று தெரியும். தையல் மெஷின் ஒயில் இரண்டு சொட்டு, கத்தி நுனியளவு தூள், விரலால் நன்றாகத் தேய்த்து, பழைய பருத்திச் சீலையால் மிச்சத்தைத் துடையுங்கள். பலகை நிறம் மாறினால் போதும், பச்சை மேடு தெரிந்தால் அளவு கூடிப் போனது. முதுகை முன்னே விட்டு, கத்தியின் பாரத்தோடு மட்டும் 10–15 தரம். அதற்குப் பிறகு வெறும் தோலில் 50–60 தரம்.

தோலுக்குச் செருப்புத் தைக்கிறவர்களிடம் சோல் தோல் கேளுங்கள், இரண்டரை மூன்று மில்லிமீற்றர், மரப்பட்டைச் சாயத்தில் பதப்படுத்தியது. சோபாத் தோல் இழுபடும், அதில் செய்த வார் (கத்தி தீட்டுகிற தோல் பட்டி) தொய்ந்தால் வாய் மொட்டையாகும். சோளகக் காற்று அடிக்கிற நாட்களில் வாரைச் சீலைப் பையில் போட்டுத் தொங்கவிடுங்கள். ரோட்டுப் புழுதியில் உள்ள மணல் உருக்கைக் கீறும், ஒரு மணல் தோலில் பதிந்தால் வாயில் பல் விழும். மாரியில் தோல் பூஞ்சணம் பிடிக்கும், எம்.டி.எஃப். ஊதும். பலகையின் ஓரங்களுக்கு வார்னிஷ் அடித்துவிட்டேன், இந்த மாரிக்கு நிற்குமா என்று பார்க்க வேணும்.

வைரப் பேஸ்ற் 0.25 மைக்ரோன் கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம், சின்ன ஊசிக் குழாயில் வரும். ஆனால் அது வேகமாக வெட்டும், பச்சையைப் போல மென்மையாக முடிக்காது. இப்போதைக்கு அது தேவையில்லை.

அடுத்தது சிவப்புத் தூள். இரும்பு ஒட்சைட்டின் அடர்த்தியும் பச்சையினதைப் போலவே என்பதால் அதே நேரக்கணக்கு பொருந்தும். ஆனைக்கற்றாழைத் தண்டும் பார்க்க இருக்கிறேன். பூத்து முடிந்து தானாகக் காய்ந்த தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்முகம் மென்மையாக, தட்டையாக வரும். பேஸ்ற் இல்லாமலே தீட்டுகிற வார் அதில் செய்கிறார்கள். முல்லைத்தீவுப் பக்கம் வேலியோரத்தில் காய்ந்த தண்டு கண்டவர்கள் சொல்லுங்கள், மழை தொடங்க முன் வெட்டி நிழலில் போட வேணும்.