தட்டான் தாழப் பறக்குதுடி

ஜூலைக் கடைசி. கனடாவின் கால்கரியில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிற காலம். வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் தாய் அணில்களைக் காணவில்லை, குட்டிகள் மட்டும் திரிந்தன. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பதறி, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் ஓடினேன். தூங்கப் போய்விட்டன, இனி மார்ச்சில்தான் வரும் என்றார். பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டுத் தாய் முதலில் போய்ப் படுத்துக்கொள்ளுமா? இரண்டு நாள் எனக்கு மனசே ஆறவில்லை.

ரிச்சர்ட்சன் தரை அணில் என்று பெயர். இங்கே கோஃபர் என்பார்கள். ராமர் கை படாத முதுகு, கோடே கிடையாது. மண்ணில் அடித்த முளைக்குச்சி மாதிரி நிமிர்ந்து, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்கும். ஆள் நெருங்கினால் கீச்சென்று ஒரு விசில், அடுத்த நொடி வளைக்குள். வருஷத்தில் ஏழெட்டு மாதம் ஆளுக்கொரு வளையில் தனி உறக்கம்.

ஆறு வருஷத்தில் குளிர் பழகிவிட்டது. சரி, பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் அந்த வெறும் வளைகளைப் பார்த்தால் கடலூர் தேவனாம்பட்டினம் கண்ணில் வந்து நிற்கிறது. மழைக்கு முந்தின சாயங்காலம், மணலுக்கு மேலே ஆள் உயரத்தில் மஞ்சள் தட்டான்கள் கூட்டம் கூட்டமாக. செடியில் தொங்கும் ஒன்றை மூச்சடக்கிப் பிடித்தால் விரலிடுக்கில் இறக்கை சரசரவென்று அதிரும். கூழாங்கல்லைக் காட்டினால் காலால் கவ்வித் தூக்கும். வாலில் நூல் கட்டியதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அவை எங்கே போகின்றன என்பதை இங்கே வந்துதான் படித்தேன். மாலத்தீவில் தட்டான் முட்டையிட நன்னீர்க் குட்டை அநேகமாக இல்லை. ஆனாலும் அக்டோபரில் வந்து குவிகின்றன. இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழி அது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009இல் எழுதினார். காற்றின் போக்கில் மழையைத் தேடிப் போகும். மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தில் முட்டையிடும், ஒன்றரை மாதத்தில் அடுத்த தலைமுறை பறக்கும். திரும்பி வருவது போன தட்டான் இல்லை, அதன் பேரப்பிள்ளையோ அதற்கும் அடுத்த தலைமுறையோ. அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

போன அக்டோபரில் ஒரு விடிகாலை. ஜன்னலுக்கு வெளியே முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. போனில் அம்மா. என்ன சாப்பிட்டாய் என்று கேட்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"தட்டான் தாழப் பறக்குதுடி. மாடியில மிளகாய் காயுது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.