கடைத் திருட்டு வழக்கும் அவமானம் தரும் அவசரமும்

இலவச சட்ட உதவிக்கு வருகிறவர்களில் கடைத் திருட்டு வழக்கு உள்ளவர்கள் பெரும்பாலும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் குறைந்த பிறகுதான் எழுந்து வருவார்கள். முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "இதை இன்னிக்கே முடிச்சிர முடியுமா?"

எங்கள் வேலை அந்த அவசரத்திலிருந்துதான் தொடங்குகிறது. அவமானம் மனிதரை அவசரப்படுத்தும். கேட்ட தாளில் கையெழுத்துப் போட வைக்கும், கேட்ட பணத்தைக் கட்ட வைக்கும், வாய்தாவுக்குப் போகாமல் ஒளிய வைக்கும். பிறகு சரிசெய்ய முடியாமல் போகிற தவறுகள் பலவும் இந்த முதல் சில நாட்களில் நடப்பவை.

அதனால் ஆறுதல் சொல்வதற்கு முன் கையில் இருக்கும் தாளைக் கேட்கிறோம். எஃப்ஐஆரா, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர் ரசீதா, ஆஜராகச் சொல்லும் நோட்டீஸா, குற்றப்பத்திரிகையா? அதில் எந்தப் பிரிவு? 2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதன் 303(2) சாதாரணத் திருட்டு. மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவும் முடியாது. அந்த மதிப்புக்குள் முதல் முறையாகத் தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவைதான். ஆனால் 305 என்று எழுதியிருந்தால் கதை வேறு. பொருள் வைத்துக் காக்கும் கட்டடத்தில் நடந்த திருட்டு என்று கடையை அந்தப் பிரிவில் கொண்டுவருவதுண்டு. அதற்கு ஏழாண்டு வரை சிறை. 303(2) வழக்கைப் பொருளின் உரிமையாளர் சமரசமாக முடித்துக்கொள்ளலாம். 305-இல் அந்த வழி இல்லை. இந்த ஒரு எண் தெரிந்ததும் பலருக்கு மூச்சு சீராவதைப் பார்க்கிறோம். "ஜெயில்" என்ற ஒற்றைச் சொல்லோடு தூங்காமல் கிடந்தவருக்கு, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது பிரிந்து தெரிய ஆரம்பிக்கிறது.

"ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா முடிஞ்சுது" என்று கோர்ட் வாசலில் யாராவது சொல்வார்கள். முடியாது. அபராதமும் தண்டனைதான், குற்றவாளி என்ற தீர்ப்பு பதிவில் நிற்கும். 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தில், முன்தண்டனை இல்லாதவரை எச்சரித்து விட 3-ஆம் பிரிவும், ஒழுங்காக நடப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு நன்னடத்தைப் பிணையில் விட 4-ஆம் பிரிவும் இருக்கின்றன. அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையோடு ஒட்டிவரும் தகுதியிழப்பு வராது என்கிறது 12-ஆம் பிரிவு. வக்கீல் கேட்டு வாங்க வேண்டிய நிவாரணம் இது. அவசரத்தில் ஒத்துக்கொள்கிறவர் இதைக் கேட்கவே மறந்துவிடுகிறார். கடை பத்து மடங்கு பணம் கேட்டால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. அபராதம் விதிக்கிற அதிகாரம் கடைக்குக் கிடையாது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

அடுத்தது எழுதுவது. முதல் இரண்டு நாட்களுக்குள், கையால், வக்கீலுக்கு மட்டும். போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். எத்தனை மணிக்குக் கடைக்குள் போனீர்கள், முந்தின இரவு தூங்கினீர்களா, என்ன மாத்திரை சாப்பிட்டிருந்தீர்கள், பொருள் பையிலா ட்ராலியின் அடித்தட்டிலா, அப்போது போன் வந்ததா, பில் போட்ட பொருட்கள் எவை, கையில் எவ்வளவு பணம் இருந்தது, கேஷ் கவுண்டரைத் தாண்டிய பிறகு நிறுத்தினார்களா அதற்கு முன்பேவா, பின்னறையில் எத்தனை மணி நேரம் உட்கார வைத்தார்கள், எதில் கையெழுத்து வாங்கினார்கள். நேர்மையற்ற எண்ணம் இல்லாமல் திருட்டு இல்லை என்பதால் இதில் ஒவ்வொன்றும் வழக்குக்கு வேண்டும். பிடித்தவரைத் தனியார் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதால் நேரமும் வேண்டும். போலீஸிடம் சொன்ன ஒப்புதலைப் பொதுவாகக் கோர்ட்டில் உங்களுக்கு எதிராக வைக்க முடியாது. கடைக்காரரிடம் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதம் அப்படியல்ல, அது சாட்சியாக வரலாம்.

எழுதுவதால் மனதுக்கும் ஒரு பயன் உண்டு. தோளில் கை விழுந்த அந்தக் கணம் படம் மாதிரி திரும்பத் திரும்ப ஓடும். மறந்துவிடுவோமோ என்ற பயமும் அதை ஓட்டுகிறது. தாளில் இறங்கிவிட்டால் மனம் காவல் காக்க வேண்டியதில்லை. எழுதி முடித்ததும் மடித்து வைத்துவிடச் சொல்கிறோம். தினமும் எடுத்துத் திருத்தினால் புண்ணைக் கிளறுவதுதான் மிச்சம்.

இந்த வழக்குகளில் எங்களை மிகவும் பயமுறுத்துவது தண்டனை இல்லை, தற்கொலை எண்ணம். வீட்டுக்குப் போலீஸ் வந்துபோன இரவு, சிசிடிவி காட்சி ஊர் வாட்ஸ்அப் குழுவில் பரவிய நாள், முதல் வாய்தாவுக்கு முந்தின இரவு, இந்த மூன்றும் கவனிக்க வேண்டியவை. அந்த இரவுகளில் தனியாகப் படுக்க விடக் கூடாது. வீட்டிலுள்ள மாத்திரைகளை இன்னொருவர் பொறுப்பில் வைக்க வேண்டும். "செத்துரலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது வீண் பயம். கேட்டவுடன் பாரம் இறங்கி அழுகிறவர்கள் உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் இலவசமாக எடுக்கும், தமிழில் பேசலாம்.

யாரிடம் சொல்வது? எல்லோரிடமும் வேண்டாம், ஒருவரிடம் கட்டாயம். பெரும்பாலும் கணவரோ மனைவியோ, அல்லது வாய் திறக்காத அக்காவோ சித்தப்பாவோ. "கடையில் என் மேல் திருட்டு கேஸ் போட்டிருக்காங்க. வக்கீல் பார்த்தாச்சு. கோர்ட்டுக்கு நீ கூட வரணும்." இந்த மூன்று வாக்கியம் போதும். செய்தாயா இல்லையா என்ற விசாரணையை வீட்டில் தொடங்கிவிட்டால் அது கோர்ட்டைவிட நீளும். குடும்பத்தாரிடம் இதைத் தனியாகவே சொல்லி அனுப்புகிறோம்.

எடுத்தது உண்மை என்றால் ஏன் என்ற கேள்வியை ஒரு வாரம் கழித்துக் கையில் எடுக்கலாம். கையில் காசில்லாமல் பால்பவுடர் எடுத்தவரும், துக்கத்தில் மனம் எங்கோ இருந்து ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்தவரும் ஒன்றல்ல. தேவையே இல்லாத பொருளை, எடுக்கும் முன் தாங்க முடியாத இறுக்கத்தோடும் எடுத்தபின் நிம்மதியோடும் மீண்டும் மீண்டும் எடுப்பது க்ளெப்டோமேனியாவாக இருக்கலாம். அது அரிது, அதற்குச் சிகிச்சை உண்டு. அறுபது வயதுக்குப் பக்கத்தில், அதுவரை ஒழுங்காக இருந்தவர் கூச்சமே இல்லாமல் எடுத்தால் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். மூளையின் முன்பகுதியைப் பாதிக்கும் ஒருவகை டிமென்ஷியா இப்படியும் தலைகாட்டும். நோய் இருக்கிறது என்பதாலேயே வழக்கு தள்ளுபடி ஆகாது. செய்வது என்னவென்றோ தவறென்றோ அறிய முடியாத நிலைக்குத்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் மருத்துவச் சீட்டு தண்டனையைத் தீர்மானிக்கும்போது பேசும்.

பிறகு கடைகளுக்குப் போகவே முடியாது என்ற நிலை வரும். முதலில் தெருமுனை மளிகைக் கடை, கூட ஒருவர், மூன்றே பொருள், பையில்லாத கை. பத்து நாள் கழித்துத் தனியாக. சம்பவம் நடந்த கடைக்கு வழக்கு முடியும்வரை போகவே கூடாது, மன்னிப்புக் கேட்கக்கூட. சாட்சியைப் பார்க்கப் போனதாக அது திரும்பும்.

வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ படிவத்தில் வழக்கு பற்றிக் கேட்டிருந்தால் மறைக்க வேண்டாம். 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சரிபார்ப்புப் படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்றது. சிறு வழக்கை மறைத்ததை மன்னிப்பது வேலை தருபவர் கையில் இருக்கிறது. அதை நம்பி மறைப்பது ஆபத்து.

கோர்ட்டில் அதிகம் பயப்படுவது பெயர் கூப்பிடுவதற்கு. வராந்தாவரை கேட்கிற மாதிரி கூப்பிடுவார்கள். முந்தின நாளே போய் ஹால் எது, எங்கே நிற்பது, வெளியே எந்த வாசல் என்று பார்த்துவரச் சொல்கிறோம். பெயர் கேட்டதும் உள்ளே போய்க் கைகட்டாமல் நிமிர்ந்து நின்றால் போதும். அன்று நூறு பெயர்களில் அதுவும் ஒன்று, திரும்பிப் பார்ப்பவர் குறைவு. போகாமல் இருந்தால் வாரண்ட் வரும், அப்போதுதான் தெரு முழுக்கத் தெரியும். அடுத்த தேதியை அங்கேயே நோட்டில் எழுதிக்கொண்டு, வெளியே வந்து, கூட வந்தவரோடு ஏதாவது சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகட்டும். அன்று காலையிலிருந்து பெரும்பாலும் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.