இலங்கைக்குச் செல்வதென்றால் முதலில் மாதத்தைப் பாருங்கள்

சென்னையிலிருந்து இலங்கைக்குச் செல்ல நினைப்பவர்கள் எந்தெந்த ஊர்களைப் பார்க்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த மாதம் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிற நாடு என்பதால், அங்கேயும் நம் ஊர் வெயிலும் மழையும்தான் இருக்கும் என்று எண்ணிப் பயணச்சீட்டு எடுத்துவிடுகிறோம். ஆனால் அந்தத் தீவில் ஒரே வாரத்தில் ஒரு கரையில் கடல் குளம்போல அடங்கிக் கிடக்க, மறு கரையில் மீன்பிடிப் படகுகளே இறங்க முடியாத அளவுக்குக் கொந்தளிக்கும். எந்த ஊர் என்பதை முடிவு செய்ய வேண்டியது பருவக்காற்றுதான்.

நமக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும். இலங்கைக்கோ இரண்டு பருவக்காற்றுகளும் மழை கொண்டுவருகின்றன. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலி, இரத்தினபுரி ஆகிய பகுதிகளிலும், தீவின் நடுவே உயர்ந்து நிற்கும் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலும் தன்னிடமுள்ள ஈரத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது வறண்ட கச்சான் காற்றாகிவிடுகிறது. அக்டோபர் கடைசியில் தொடங்கும் வாடைக்காற்று சென்னையை நனைக்கும் அதே நாட்களில் யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய ஊர்களையும் நனைக்கிறது. தென்மேற்குப் பகுதியில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ய, வடக்கிலும் கிழக்கிலும் 1,750 மில்லிமீட்டருக்குக் குறைவாகவே பெய்கிறது.

இதை நம் பள்ளி விடுமுறைகளோடு வைத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு முடிந்து மே மாதத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் கிளம்புகின்றன. பயண முகவர்கள் கொடுப்பதோ கொழும்பு, காலி, பெந்தோட்ட என்று தென்மேற்குக் கரையைச் சுற்றும் திட்டம். தென்மேற்குப் பருவமழை தொடங்குகிற மாதத்தில் அந்தக் கரையில் அறை எடுத்துவிட்டு, சிவப்புக் கொடி பறக்கும் கடலைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் சென்னைக் குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். அதே மாதத்தில் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் முழங்கால் ஆழத்துக்குப் பிள்ளைகளை இறக்கி விளையாட விடலாம். ஆகவே மே மாதமானால் வடக்கும் கிழக்கும், அரையாண்டு விடுமுறையானால் தெற்கும் தென்மேற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்க முயல வேண்டாம். பரப்பில் தமிழ்நாட்டில் பாதிதான் என்றாலும் அங்கே சாலைப் பயணம் மெதுவானது; கொழும்பிலிருந்து 115 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கண்டிக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

மே மாதப் பயணத்துக்கு யாழ்ப்பாணத்தில் இறங்குவதே சிறந்தது. பலாலி விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து 2019 நவம்பரில் மீண்டும் விமானம் விடப்பட்டது. வருவது சிறிய விமானம். பெட்டியின் எடை வரம்பும் அதற்கேற்பக் குறைவாக இருக்கலாம், பயணச்சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023இல் தொடங்கியது, ஆனால் பருவநிலையைப் பொறுத்து நிறுத்தி நிறுத்தி ஓடுகிறது. எழும்பூரில் போட் மெயில் தொடர்வண்டி ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கிய தலைமுறையினரின் பேரப்பிள்ளைகள் நாம். 1964 டிசம்பர்ப் புயலோடு நின்றுபோன அந்த வழிக்கு இன்னொரு வடிவம் கிடைத்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குக் காலையிலேயே சென்றுவிடுங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். பூசைகள் குறித்த நிமிடத்தில் தொடங்குகின்றன. சிறப்புத் தரிசன வரிசை, தனிக் கட்டணம் எல்லாம் பழகிப்போன நமக்கு அந்தக் கோயிலின் ஒழுங்கும் தூய்மையும் மனத்தை நிறைக்கின்றன. ஆடி, ஆவணி மாதங்களில் நடைபெறும் 25 நாள் திருவிழாவின்போது ஊரே அங்கேதான் இருக்கும் என்பதால் தங்குமிடத்தை வெகு முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். அருகிலுள்ள பொது நூலகத்தையும் அவசியம் பாருங்கள். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் எரிக்கப்பட்டு, மீண்டும் எழுப்பப்பட்ட அந்த வெண்ணிறக் கட்டடம் இன்று மாணவர்கள் அமர்ந்து படிக்கும் நூலகமாகவே இயங்குகிறது. பார்வையாளர்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் மட்டும் சென்று, படிப்பவர்களுக்கு இடையூறு இல்லாமல் திரும்புங்கள். போரைப் பற்றி நீங்களாகக் கேள்வி கேட்கத் தொடங்காதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். அவர்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள்.

தீவுகளைப் பார்க்க விரும்பினால் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் செல்ல வேண்டும். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் படகில் சிறிது நேரம்தான். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். கடைசிப் படகு திரும்பும் நேரத்தைப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாட்டை இடித்துச் சேர்ப்பது தீவு முழுவதும் வழக்கம். பார்த்தால் தெரியாது, வாயில் வைத்த பிறகே தெரியும். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் ‘மாசி போட்டிருக்கிறீர்களா’ என்று ஒவ்வொரு கடையிலும் கேட்பதே நல்லது. யாழ்ப்பாணத்துச் சைவ உணவகங்களில் அந்தக் கவலை இல்லை. தேநீர்க் கடையில் உட்கார்ந்தால், கேட்காமலேயே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, முக்கோணமாக மடித்த மரக்கறி ரொட்டி எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். முதல் தடவை அதைப் பார்த்து, நாங்கள் இத்தனை சொல்லவில்லையே என்று நானும் மனைவியும் திகைத்தோம். எழும்போது தட்டில் எத்தனை குறைந்திருக்கிறது என்று கடைக்காரர் எண்ணி, அதற்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார். மீன் ரோல்ஸும் காய்கறி ரோல்ஸும் வெளியே ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் எது எதுவென்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குச் சாலையில் அரை நாள். கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் சுவாமி மலையில், சம்பந்தர் பாடிய கோணேசுவரம் இருக்கிறது. போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் பழைய கோயிலை இடித்துவிட்டார்கள். இப்போது நாம் வணங்குவது பின்னர் எழுந்த கோயில். கோட்டைக்குள் புகுந்துதான் மேலே போக வேண்டும், வழியெல்லாம் புள்ளிமான்கள் மனிதர்களுக்கு அஞ்சாமல் நிற்கும். அவற்றுக்கு நொறுக்குத் தீனி கொடுக்கும் நம்மவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிளாஸ்டிக் உறையையும் சேர்த்துத் தின்றுவிடுகின்றன. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு பவளப்பாறைகளைப் பார்க்கலாம். பாறைமேல் காலூன்றக் கூடாது, ஏனென்றால் அது உயிருள்ளது. முதுகில் வெயில் தெரியாமலே தோல் வெந்துவிடும், முழுக்கைச் சட்டையோடு இறங்குங்கள்.

இந்தப் பயணத்தில் எனக்கு மிக நெருக்கமான இடம் பொலன்னறுவை. இராசராசன் காலத்தில் சோழர் வசமாகி, சனநாதமங்கலம் என்று பெயர் பெற்ற தலைநகரம் அது. எல்லோரும் கல் விகாரையில் ஒரே பாறையில் குடைந்த புத்தர் சிலைகளைப் பார்க்கிறார்கள், பார்க்கவும் வேண்டும். கிடந்த கோலத்தில் உள்ள சிலை மட்டும் 14 மீட்டர் நீளம். ஆனால் வழிகாட்டிகள் அவசரமாகக் கடந்துவிடும் இரண்டாம் சிவாலயத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். சோழ அரசி வானவன்மாதேவியின் பெயரில் எழுந்த ஈசுவரம் அது. முழுவதும் கல்லால் ஆனது, விமானத்தின் உச்சி வரை குலையாமல் நிற்கிறது, நம் ஊர்ச் சிவன் கோயிலின் சிறிய சன்னிதி அளவுதான். சிலைகள் நிற்க வேண்டிய தேவகோட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. சுவரில் தமிழ்க் கல்வெட்டு. வெயில் ஏறிய கல் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி உள்ளே நுழைந்தால், இருட்டில் குளிர்ந்த கருவறையில் இலிங்கம் மட்டும் இருக்கிறது. யாரோ வைத்துவிட்டுப் போன அரளிப் பூ அதன்மேல் இருந்தது. தஞ்சாவூரையும் கங்கைகொண்டசோழபுரத்தையும் பார்த்த கண்களுக்கு அதன் ஒவ்வொரு கோடும் தெரிந்த கோடாகவே இருக்கும்.

சிகிரியாவுக்குக் கத்திரி வெயில் மாதத்தில் போகிறவர்கள் நுழைவாயில் திறக்கும் நேரத்துக்கே அங்கு இருக்க வேண்டும். ஏறத்தாழ 1,200 படிகள், நிழல் குறைவு. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் எழுப்பிய அந்தப் பாறைக் கோட்டையில் குளவிக்கூடுகள் உண்டு, அமைதியாக ஏறுங்கள் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஓவியங்களைப் படமெடுக்க அனுமதி இல்லை. இத்தகைய இடங்களில் சார்க் நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைந்த கட்டணம் என்பதால் மூலக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். மே மாதம் முடியாதவர்கள் செப்டம்பர் கடைசியில், காலாண்டு விடுமுறையில் வந்தால் மின்னேரியாவில் யானைக் கூட்டங்களைக் காணலாம். மகாசேன மன்னன் வெட்டிய குளம் கோடையில் வற்றி, தரையில் இளம்புல் முளைப்பதால் அவை நூற்றுக்கணக்கில் அங்கே கூடுகின்றன.

அரையாண்டு விடுமுறைக்காரர்களுக்குக் கொழும்பில் இறங்கிக் காலிக்குச் செல்லும் வழி. ஒல்லாந்தர் விரிவாக்கிய காலிக் கோட்டையின் மதில்மேல் மாலை நேரத்தில் நடக்கலாம். மிரிஸ்ஸவிலிருந்து படகில் போய்த் திமிங்கிலங்களைப் பார்க்கலாம். பிறகு மலைநாடு. கண்டியிலிருந்து எல்ல வரை செல்லும் தொடர்வண்டி உலகம் முழுவதும் பெயர் பெற்றுவிட்டதால், முன்பதிவு தொடங்கிய உடனேயே இருக்கைகள் தீர்ந்துவிடுகின்றன. பெருமழையில் மண்சரிவு ஏற்பட்டால் பாதை மூடப்படும், ஆகவே கிளம்புமுன் வண்டி ஓடுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக்காரர்கள் வெப்ப நாடுதானே என்று கம்பளிச் சட்டை இல்லாமல் போய் நடுங்குகிறார்கள். காட்டுப் பாதைகளில் அட்டை ஏறும், உப்புத் தண்ணீரும் நீளமான காலுறையும் உதவும்.

வண்டி ஹட்டனைத் தாண்டும்போது சன்னலுக்கு வெளியே தேயிலைத் தோட்டங்களும் அவற்றின் நடுவே வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன் வீடுகளும் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் நம் மாவட்டங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே நடந்து மலையேறியவர்களின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். வழியில் நோயிலும் பசியிலும் இறந்தவர்கள் ஏராளம். கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் பெண்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். வணக்கம் அக்கா என்று சொல்லி இரண்டு வார்த்தை பேசினால் எந்த ஊர் என்று அவர்களே கேட்பார்கள். என்னிடம் பேசிய ஓர் அம்மா, தம் பாட்டனாரின் ஊர் துறையூர்ப் பக்கம் என்றும், அங்கே யாரும் இருக்கிறார்களா என்று தெரியாது என்றும் சொன்னார். கொழுந்துக் கூடையை இறக்கிவைக்க நேரமில்லாத வேலை. நிறைந்த எடைக்குத்தான் கூலி என்பதால் அவரை அதிகம் நிறுத்திவைக்கவும் கூடாது.

எந்தப் பருவமானாலும் சில ஏற்பாடுகள் பொதுவானவை. மின்னணுப் பயண அனுமதியை அரசின் இணையதளத்திலேயே பெறுங்கள்; அதைப்போலவே தோற்றமளிக்கும் தளங்கள் கூடுதல் பணம் பிடுங்குகின்றன, விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன. கியூஆர் வைத்திருக்கும் கடைகளில் 2024 பிப்ரவரியிலிருந்து நம் யுபிஐ வழியாகப் பணம் செலுத்த முடிகிறது, சிற்றூர்களுக்கு ரொக்கம் வேண்டும். பல விடுதிகளில் தட்டைக் கம்பி மூன்றுள்ள மின்செருகிதான், அதற்கு மாற்றி எடுத்துச் செல்லுங்கள். டெங்கு அங்கும் உண்டு; கொசு விரட்டிக் களிம்பைப் பகலிலும் பூசுங்கள். ஒவ்வொரு முழுமதி நாளும் பொது விடுமுறை. மது விற்கமாட்டார்கள், இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும். மே மாத முழுமதியான வெசாக் நாட்களில், நம் ஊர் நீர்மோர்ப் பந்தல்போலத் தெருவுக்குத் தெரு பந்தலிட்டு வழிப்போக்கர்களை நிறுத்திச் சோறும் பானமும் தருவார்கள். வாங்கிச் சாப்பிடுங்கள், மறுக்க வேண்டாம். விகாரைகளில் தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள், புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படமெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொழும்பிலிருந்து திரும்புவோர் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்க வேண்டும். பொலன்னறுவையில் கிடைத்த சோழர் காலச் செப்புத் திருமேனிகள் அங்கே இருக்கின்றன. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409ஆம் ஆண்டிட்டு நிறுவிய கல்லும் அங்கேதான் உள்ளது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்ட அது 1911இல் காலி நகரில் மதகு மூடியாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கைகளைச் சொல்ல, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குச் சொல்கிறது. பொது விடுமுறைகளில் அருங்காட்சியகம் மூடியிருக்கலாம், நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் போங்கள். விமான நிலையம் கட்டுநாயக்கவில், நகரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். விரைவுச்சாலையில் ஏறிவிட்டால் கவலையில்லை, அதில் ஏறுவதற்கு முன் உள்ள நகர நெரிசலுக்குத்தான் ஒரு மணி நேரத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.