கீபோர்டுல அக்கார்டியன் வாசிக்கப் போறீங்களா, முதல்ல காத்த கவனிங்க

டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்துற எலக்ட்ரானிக் கீபோர்டு கிரேடு எக்ஸாமுக்கு ரெடி ஆகுறவங்க நம்ம சேலத்துல நிறைய பேரு இருக்கீங்க, அதுல அக்கார்டியன் (துருத்திய விரிச்சு மூடி காத்தால ஒலிக்க வைக்கிற வாத்தியம்) வாய்ஸ் வர்ற பீஸ் மாட்டுச்சுன்னா பெரும்பாலும் என்ன பண்றாங்கன்னா வாய்ஸ் லிஸ்ட்ல அக்கார்டியன தட்டிட்டு பியானோ மாதிரியே வாசிச்சுட்டு வந்துடுறாங்க. நோட்ஸ் எல்லாம் சரியா இருக்கும், ஆனா கேக்குறவங்களுக்கு அக்கார்டியன் கேட்ட மாதிரியே இருக்காது. ஒரு பீஸுக்கு 22 மார்க், அதுல நோட்ஸ் தப்பில்லாம தடங்கலில்லாம வர்றதுக்கு 7 தான், டெக்னிக்குக்கு 7, பாட்ட எப்படி உணர்ந்து கேக்குறவங்ககிட்ட கொண்டுபோய் சேக்குறீங்கன்றதுக்கு 8. அந்த 15 மார்க்குக்கு என்ன பண்ணலாம்னு நான் கத்துக்கிட்டத சொல்றேன், மேடையில வாசிக்கிறவங்களுக்கும் இது உதவும், ஏன்னா இப்ப ஏற்காடு கோடை விழா மாதிரி மேடைங்கள்ல மெல்லிசைக் குழு எம்.எஸ்.வி. காலத்து பாட்டு எடுத்தா அந்த அக்கார்டியன் பிட்டு அனேகமா கீபோர்டுக்காரர் தலையிலதான் விழுது.

எனக்கு இது புரிஞ்சது ஏற்காட்டுல ஒரு பெரியவர் நிஜ அக்கார்டியன் வாசிக்கிறத பக்கத்துல உக்காந்து பாத்தப்பதான். நான் அவர் வலது கையவே பாத்துட்டு இருந்தேன், "விரல ஏன் தம்பி பாக்குற, இந்தக் கைய பாருப்பா"ன்னு இடது கைய காட்டினார். இடது மணிக்கட்டு பட்டைக்குள்ள இருக்கு, துருத்தி விசிறி மாதிரி மெதுவா விரியுது, ஒரு வரி முடியுற இடத்துல சரியா திரும்பி மூடுது, அந்த திரும்புற இடத்துல கண்ணுக்கு மட்டும் தெரியுற அளவுக்கு ஒரு சின்ன இடைவெளி. வரிக்கு நடுவுல அவர் திருப்பவே இல்ல. அக்கார்டியன்ல கீய எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் சத்தம் ஏறாது, கீ வெறும் கதவ திறக்குது, ரீடுல (காத்துல அதிர்ற சின்ன தகடு) காத்து எவ்வளவு அழுத்தமா போகுதுங்கறதுதான் சத்தம். எத்தன கீ பிடிச்சிருந்தாலும் அத்தனையும் ஒண்ணா ஏறும் ஒண்ணா இறங்கும்.

அதனால முதல் வேலை, கீய ஓங்கி அடிச்சா சத்தத்த ஏத்துற டச் ரெஸ்பான்ஸ ஆஃப் பண்ணுங்க. இத பண்ணாமலே நிறைய பேரு வாசிக்கிறாங்க, அங்கயே பாதி போச்சு. அடுத்தது விரல எடுத்த பிறகும் சத்தத்த நீட்டுற சஸ்டெய்ன், பேனல்லயும் சரி கால்லயும் சரி வேண்டவே வேண்டாம், அக்கார்டியன்ல விரல எடுத்தா சத்தம் அங்கயே நிக்கணும், எதிரொலி மாதிரி வர்ற ரிவெர்பயும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க. லெகாட்டோ (சுரங்கள இடைவெளி இல்லாம கோத்து வாசிக்கிறது) விரல்லதான் வரணும், ஒரு கீய பிடிச்சிருக்கும்போதே விரல் மாத்திக்கிற பழக்கம் ரொம்ப முக்கியம்.

இப்ப துருத்தி. கால்ல சத்தத்த ஏத்தி இறக்குற எக்ஸ்பிரஷன் பெடல் சொருகுற வசதி உங்க கீபோர்டுல இருந்தா அதுதான் உங்க துருத்தி, யமஹா பிஎஸ்ஆர் எஸ்எக்ஸ், கோர்க் பிஏ மாதிரி பெரிய மாடல்ல இருக்கும். யமஹா பெடலும் ரோலண்ட் பெடலும் உள்ள ஒயரிங் வேற, அதனால கடையில வாங்குறப்பவே உங்க கீபோர்டுல போட்டுப் பாத்து வாங்குங்க. பெடல முழுசா மேலயும் கீழயும் ஆட்டாதீங்க, நடுப்பகுதியிலயே விளையாடுங்க, முழு அழுத்தம் பாட்டு உச்சத்துக்கு போற இடத்துக்கு மட்டும். தினம் ஒரே ஒரு சுரத்த பிடிச்சு எட்டு எண்ணிக்கைக்கு ஏத்தி எட்டு எண்ணிக்கைக்கு இறக்குங்க, கால் குதிக்காம வழுக்கிப் போகுற வரைக்கும், அப்புறம்தான் பீஸ எடுக்கணும். பென்சில எடுத்து ஷீட்ல துருத்தி எங்க திரும்பும்னு வரி வரியா குறிச்சுக்கோங்க, அந்த இடத்துல கால தளர்த்தி கைய ஒரு துளி எடுத்து மறுபடி வைங்க. சின்ன மாடல் வச்சிருக்கவங்களுக்கு சஸ்டெய்ன் ஜாக் மட்டும்தான் இருக்கும், கவலைப்பட வேண்டாம், ஏத்த இறக்கம் வராட்டியும் இந்த மூச்சு விடுற இடத்த மட்டும் சரியா பண்ணினாலே பாதிக்கு மேல வந்துடும், நான் இத மனசார சொல்றேன்.

பெல்லோஸ் ஷேக்னு ஒண்ணு இருக்கு, துருத்திய படபடன்னு திறந்து மூடுறது, கார்டு (ஒண்ணா சேத்துப் பிடிச்ச சுரங்கள்) அப்படியே அதிரும். இத பெடல்ல முயற்சி பண்ணாதீங்க, கால் அந்த வேகத்துக்கு வராது. ஸ்டைல் (கீபோர்டு தானா வாசிக்கிற பக்கவாத்தியம்) ஓடிட்டு இருக்கும்போது இடது கைய எடுத்தாலும் பல மாடல்ல கார்டு நிக்காம போகும், சில மாடல்ல அதுக்கு மெமரி பட்டன் இருக்கும், அந்த நேரத்துல இடது கைய ஸ்ப்ளிட்டுக்கு (கார்டு பகுதியும் மெலடி பகுதியும் பிரியுற இடம்) மேல கொண்டுவந்து ஒரே கார்ட ரெண்டு கையும் மாத்தி மாத்தி அடிங்க, மணிக்கட்டு தளர்வா இருக்கட்டும். ஒரே சுரம் வேகமா திரும்பத் திரும்ப வந்தா 4, 3, 2, 1னு (கட்டைவிரல்தான் 1) விரல் மாத்துங்க, ஒரே விரல்ல அடிச்சா கனமா கேக்கும். கறுப்பு கீல இருந்து பக்கத்து வெள்ளைக்கு அதே விரல்ல சறுக்குற சின்ன கமகம் இந்த வாத்தியத்துக்கு அவ்வளவு அழகா உக்காரும். ஆனா சுதிய வளைக்கிற பிட்ச் பெண்ட் வீல தொடாதீங்க, நாதஸ்வர பிட்டுக்கு தேய்க்கிற மாதிரி இங்க தேய்ச்சா வேஷம் கலைஞ்சுடும்.

வாய்ஸ் தேர்வுல கொஞ்சம் நிதானம் வேணும். ஜிஎம் (ஜெனரல் மிடி, பொதுவான வாய்ஸ் வரிசை) லிஸ்ட்ல 22 அக்கார்டியன், 24 டேங்கோ அக்கார்டியன். மியூசெட்னு போட்டிருந்தா ஒரே சுரத்துக்கு ரெண்டு மூணு ரீடு லேசா சுதி விலகி ஒலிக்கிற சத்தம், அந்த அலை அதுலதான் வருது, பிரெஞ்சு வால்ட்ஸுக்கு நல்லாருக்கும், நம்ம பழைய சோக மெட்டுக்கு எனக்கு அது பிடிக்காது, ஒத்த ரீடு மாதிரி கேக்குற மெல்லிசான வாய்ஸ்தான் சரி. பெரிய பியானோ அக்கார்டியன்ல வலது கைக்கு 41 கீதான், அதனால 61 கீ இருக்குன்னு மெலடிய அடியாழத்துக்கு கொண்டுபோகாதீங்க.

இடது பக்கம் நிஜத்துல 120 பட்டன் இருக்கும், பேஸ் ஒரு பட்டன், மேஜர் மைனர் செவந்த் கார்டுக்கு தனித்தனி பட்டன், வால்ட்ஸ்னா பேஸ், கார்டு, கார்டுன்னு சின்னச் சின்னதா வெட்டி வாசிப்பாங்க. அதனால ஸ்டைல்ல ஸ்ட்ரிங்ஸ் பேட் மாதிரி இழுக்கிற பார்ட்ட எல்லாம் மியூட் பண்ணிட்டு பேஸும் ரிதமும் மட்டும் வைங்க. பீஸ்லயே எந்த ஸ்டைல், எந்த வாய்ஸ்னு எழுதியிருந்தா அத டீச்சர்கிட்ட கேக்காம மாத்தாதீங்க.

எல்லா செட்டிங்கும் ரெஜிஸ்ட்ரேஷன்ல (செட்டிங்க மொத்தமா வச்சுக்கிற மெமரி) சேவ் ஆகுதான்னு ஒருதடவ பவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாத்துடுங்க, டச் ஆஃப் சேவ் ஆகலைன்னா எக்ஸாம் ரூம்ல உக்காந்ததும் கையால ஆஃப் பண்ணணும். பெடல் ஜாக்க சொருகிட்டு, கால பெடல்ல வைக்காம பவர் ஆன் பண்ணுங்க, அப்புறம் பெடல ஒருமுறை முழுசா மேல கீழ நகத்திப் பாத்துட்டு ஆரம்பிங்க.