வெற்றுக் குழாயில் வந்த பூச்சி

அந்துப்பூச்சிகளை டி.என்.ஏ. கொண்டு அடையாளம் காணும் மூன்றாவது முயற்சியில், பெருக்கிய டி.என்.ஏ.வைக் கோடுகளாகக் காட்டும் ஜெல்லின் கடைசித் தடம் இருட்டாகவே இருந்தது. முதல் ஐந்து தடங்களிலும் 700 டி.என்.ஏ. எழுத்து இணைகள் என்ற அளவுக்கு அருகே கோடுகள் தெளிவாகத் தெரிந்தன என்றாலும், அவற்றைவிட, கலப்படம் இல்லை என்று சரிபார்க்கப் பூச்சியின் கால் எதுவும் போடாமல் ஓட்டிய வெற்றுக் குழாயின் தடத்தில் ஒன்றுமே தெரியாததைக் கண்டுதான் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்த ஒரு தடத்தை இருட்டாக்குவதற்கு இரண்டு மாதங்கள் பிடித்தன.

எங்கள் வீடு பினாங்கில், கொடிமலையின் அடிவாரத்தில், ஆயர் ஈத்தாம் பகுதியில் இருக்கிறது. அமாவாசையை ஒட்டிய இரவுகளில், அதிலும் மாலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தால், பின்புறச் சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டிப் புறஊதா விளக்கை ஏற்றி வைப்பேன். காட்டுக்குள் சென்று பிடிப்பதில்லை. தானாக வந்து அமர்பவை மட்டுமே என் கணக்கில் சேரும். அவற்றுள் என்னை மிகவும் அலைக்கழித்தவை கிளியோரா பேரினத்தைச் சேர்ந்த சாம்பல் நிற அந்துப்பூச்சிகள். மரப்பட்டையைப் பெயர்த்து ஒட்டியது போன்ற சிறகு; ஒரே சிற்றினத்துக்குள்ளேயே கரியதும் வெளிறியதும் உண்டு; ஆணின் பிறப்புறுப்பை வெட்டிப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது, பெண் என்றால் அதைவிடக் கடினம். ஆகவே ஐந்து பூச்சிகளைத் தேர்ந்து, ஒரு குறிப்பிட்ட மரபணுப் பகுதியின் எழுத்து வரிசையைக் கொண்டு சிற்றினத்தை அறியும் டி.என்.ஏ. பட்டைக்குறியீட்டில் இறங்கினேன். 2003இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் குழுவினர் இம்முறையை முன்வைத்தபோது அந்துப்பூச்சிகளைப் போலச் சிறகில் செதிலுடைய 200 சிற்றினங்களைக் கொண்டே அதைச் சோதித்தார்கள் என்பதால், நமக்கும் எளிதாக இருக்கும் என்று நம்பினேன்.

செய்முறையில் புதுமை எதுவும் இல்லை. காலில் ஒரு சிறு துண்டு, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 95 பாகையில் அரை மணி நேரம், பின்னர் டிரிஸ் சேர்த்துச் சமன் செய்தல், அந்த மரபணுப் பகுதியைக் கவ்வும் லெப் பிரைமர் இணை, அதை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். ஓட்டமாக 45 பாகையில் 5 சுற்று, 51 பாகையில் 35 சுற்று. முதல் முயற்சியிலேயே ஐந்தும் வந்துவிட்டன. வெற்றுக் குழாயிலும் அதே உயரத்தில், அதே பிரகாசத்துடன் ஒரு கோடு வந்திருந்தது. அதைப் பார்த்தும் பாராதது போல ஐந்தையும் எழுத்து வரிசையை அறியும் சாங்கர் வாசிப்புக்கு அனுப்பியது என் தவறு. வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. திரும்பி வந்த வரைபடங்களில் பாதி இடங்களில் ஒரே எழுத்துக்கு இரண்டு சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. வாசிப்புக்குக் கட்டிய வெள்ளி (ரிங்கிட்) கட்டியதுதான்.

இரண்டாம் முயற்சிக்குப் புதிய தண்ணீர், புதிய பிரைமர், வடிகட்டி வைத்த பிப்பெட் முனைகள் என்று அனைத்தையும் மாற்றினேன். கோடு அசையவில்லை. அந்த வாரம் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து வந்த நொதிக் கலவை, பனிக்கட்டிப் பை முழுவதும் உருகிய நிலையில் திங்கட்கிழமை வாசலில் கிடந்ததால், கலப்படமும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று விற்பனையாளருக்குச் சூடாக ஒரு கடிதம் எழுதினேன். வெள்ளிக்கிழமை அனுப்பி வைக்கும் பழக்கத்தைப் பற்றிய என் புகாரில் இப்போதும் மாற்றமில்லை. கலப்படம் பற்றிச் சொன்னதற்கு மட்டும் பின்னர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

காரணம், எரிச்சலில் அந்த வெற்றுக் குழாயையே வாசிப்புக்கு அனுப்பிப் பார்த்தேன். ஐந்து பூச்சிகளும் தராத அப்பழுக்கற்ற வரிசையை அது தந்தது. பட்டைக்குறியீட்டு வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் போல்ட் தரவுத்தளத்தில் இட்டவுடன் லைசா சாம்பா என்று 99 விழுக்காட்டுக்கு மேல் பொருத்தம் காட்டியது. கரும்பழுப்புச் சிறகின் குறுக்கே வெள்ளைக் கோடும், பின்சிறகில் வாலும் கொண்ட, உள்ளங்கையை மறைக்கும் அந்தப் பெரிய பூச்சியை மலேசியாவில் அறியாதவர் குறைவு. கூட்டமாக வரும் மாதங்களில் சாப்பாட்டுக் கடை விளக்குகளைச் சுற்றியும் அமர்ந்திருக்கும். முதல் முயற்சிக்கு முந்தைய வாரம் அப்படிப்பட்ட ஒன்றைத்தான் அதே மேசையில், அதே இடுக்கியால், தலைக்கு மேல் மின்விசிறி சுழலச் சிறகு விரித்துக் குத்தி வைத்திருந்தேன். செதில் தூளும் அதனுடன் உதிரும் கால் துணுக்குகளும் எங்கெல்லாம் பறந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது முறை இரட்டித்தாலே ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். நாம் ஓட்டுவதோ நாற்பது சுற்று.

இனி இடுக்கியின் கதைக்கு வருகிறேன். ஒவ்வொரு பூச்சிக்கும் இடையில் எரிசாராயத்தில் துடைத்துச் சுத்தமாகத்தானே வைத்திருந்தேன் என்று வியந்துகொண்டிருந்தபோது, பூச்சிக் கால்களை ஆண்டுக்கணக்கில் கெடாமல் காப்பதற்கு நாம் ஊற்றி வைப்பதும் அதே எரிசாராயம்தான் என்பது உறைத்தது. கிருமியைக் கொல்வது வேறு, டி.என்.ஏ.வைச் சிதைப்பது வேறு. சோதித்துவிடலாம் என்று, லைசாவின் காலைக் கிள்ளிய இடுக்கியை மூன்று விதமாகச் சுத்தம் செய்து, ஒவ்வொரு முறையும் அதன் முனையைத் தூய நீரில் அலசி, அந்த நீரைப் பி.சி.ஆர். செய்தேன். எரிசாராயத்தில் துடைத்ததற்குக் கோடு பளிச்சென்று வந்தது. எரிசாராயத்தில் நனைத்து நெருப்பில் காட்டியதற்கு மங்கலாக வந்தது. அந்தச் சுடர் கண நேரத்தில் அணைந்துவிடுகிறது. துணி வெளுக்கும் திரவமான குளோராக்ஸ் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊற வைத்ததற்கு எதுவும் வரவில்லை. மிச்சமிருந்த குளோராக்ஸே நொதியைக் கெடுத்து, பொய்யான இருட்டைக் காட்டியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்ததால், அதே நீரில் தெரிந்த டி.என்.ஏ.வைச் சேர்த்து மறுபடியும் ஓட்டினேன். கோடு வந்தது, ஐயம் தீர்ந்தது. துணி வெளுக்கும் போத்தல் ஒன்று, பத்து வெள்ளிக்குள் முடிந்துவிட்டது. எஃகை அது அரிக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நுனி கூரான என் இடுக்கி ஒன்று நான் அலச மறந்ததால் ஒரே இரவில் துருப்புள்ளி கண்டுவிட்டது. இப்போது இரண்டு முறை நீரில் அலசித் துடைத்த பிறகே மேசைக்கு வருகிறது. பூச்சி விரிக்கும் பலகை கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்விட்டது. கால் வெட்டும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுகிறேன். வியர்வையோடு வேலை செய்யப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது முயற்சியின் ஐந்து வரிசைகளும் 658 எழுத்துகளுடன் முழுமையாக வந்திருக்கின்றன. மூன்று பூச்சிகள் தமக்குள் அரை விழுக்காடுகூட வேறுபடாமல் கிளியோரா அலியனேரியா என்ற பெயருடன் பொருந்துகின்றன. மற்ற இரண்டும் அவற்றிலிருந்து நான்கு விழுக்காட்டுக்கு மேல் விலகி, பெயரில்லாமல் எண் மட்டும் இடப்பட்ட ஒரு தொகுதிக்குள் போய் அமர்கின்றன. உடனே புதுச் சிற்றினம் என்று துள்ளுவதற்கில்லை. நாம் வாசிக்கும் இந்த மரபணு தாய்வழியில் மட்டுமே வருவது. வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிர் தொற்றியிருந்தால் கணக்கு பிறழலாம். தரவுத்தளத்தில் உள்ள பெயர்களும் மனிதர்கள் பார்த்து இட்டவைதாம். 2004இல் கோஸ்டாரிகாவின் ஆஸ்ட்ராப்டெஸ் ஃபுல்ஜரேட்டர் என்ற வண்ணத்துப்பூச்சியின் ஒரே பெயருக்குள் பத்துச் சிற்றினங்கள் இருப்பதாகச் சொன்னவர்கள்கூட, வரிசையை மட்டும் நம்பாமல், புழுக்களின் நிறத்தையும் அவை தின்ற செடிகளையும் சேர்த்தே பார்த்தார்கள்.

டி.என்.ஏ. வரிசையை வீட்டிலேயே வாசிக்கும் நானோபோர் கருவி ஒன்றை வாங்கினால், குழாய்க்கு ஒரு குறிச்சொல் இணைத்து, நூற்றுக்கணக்கான பூச்சிகளை ஒரே ஓட்டத்தில் வாசித்துவிடலாம் என்ற ஆசை இப்போதே தொற்றிக்கொண்டது. விலையைப் பார்த்துப் பார்த்துப் பக்கத்தை மூடிக்கொண்டிருக்கிறேன். முதலில் அந்த இரண்டில் ஆணாக இருக்கும் ஒன்றின் கதையை முடிக்க வேண்டும். பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்ப்பதற்காக அதன் வயிற்றுப் பகுதி இன்றிரவு 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறிக்கொண்டிருக்கிறது. நாளை அதைப் பிரிப்பதற்கு, துருப்புள்ளி விழுந்த அந்தப் பழைய இடுக்கியை ஒதுக்கி, கால் வெட்டும் மேசைக்கு மறந்தும் வந்துவிடாதபடி அதன் பிடியில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன்.