சளிக்காய்ச்சலுக்குப் பின் காலில் செம்புள்ளிகள்: குறிப்புகள்

ஜனவரி 6
கோவிட், ஃப்ளூ போன்ற தொற்று அடங்கி ஒரு வாரம், பத்து நாளில் கெண்டைக்காலில் ஊதாச் சிவப்புப் புள்ளிகள் வந்தால், கண்ணாடி டம்ளரை மேலே அழுத்திப் பாருங்கள். நிறம் மறையாவிட்டால் இரத்தம் குழாயை விட்டுக் கசிந்திருக்கிறது. தடவும்போது மேடாகத் தட்டுப்பட்டால், சிறு இரத்தக்குழாய் அழற்சியை நினைக்க வேண்டும். இரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) குறைந்து வரும் புள்ளி தட்டையாக இருக்கும்.

காய்ச்சல் அடிக்கும்போதே புள்ளிகள் மளமளவெனப் பரவினால் உடனே அவசரப் பிரிவு. மெனிங்கோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம்.

ஜனவரி 7
ஏன் காலில்? கிருமித் துகளும் அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளும் ஒட்டிய கூட்டுகள், அழுத்தம் கூடி ஓட்டம் மந்தமான இடத்தில் குழாய்ச் சுவரில் படிகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு முதுகிலும் பிட்டத்திலும் வரும்.

ஜனவரி 9
பயாப்சிக்கு, அதாவது தோல் துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு, புள்ளியின் வயது முக்கியம். தோன்றி 24 முதல் 48 மணி நேரமானதை 4 மி.மீ. பஞ்ச் (வட்டமாக வெட்டும் கருவி) கொண்டு எடுப்பது நல்லது. பழையதில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் போய் லிம்ஃபோசைட் என்ற வேறு வெள்ளையணுக்கள் வந்துவிடும், அறிக்கை குழப்பும். புதுப் புள்ளியைப் பேனாவால் வட்டமிட்டு வையுங்கள். படிந்த எதிர்ப்பொருளை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃப்ளூரசன்ஸ் சோதனைக்கு இன்னொரு துண்டு, இன்னும் புதிய புள்ளியிலிருந்து. அதை ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்டால் சோதனை பாழ்.

ஜனவரி 10
நேற்று விட்டது: காய்ச்சலுக்குக் கொடுத்த அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இதே கால இடைவெளியில் இதே புள்ளியைக் கொண்டுவரும். ஒவ்வொரு மருந்தும் தொடங்கிய தேதியைக் கேட்காமல் வைரஸ்மேல் பழி போடக் கூடாது.

ஜனவரி 13
தோலைப் பார்த்துவிட்டுச் சிறுநீரைப் பார்க்காமல் அனுப்புவதுதான் இதில் பெரிய தவறு. ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் குழாய்ச் சுவரில் படியும் வகையில் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும், வலி இருக்காது. இரத்தம், புரதம் இரண்டுக்கும் டிப்ஸ்டிக் (சிறுநீரில் நனைக்கும் பட்டை) சோதனையும் இரத்த அழுத்தமும் ஆரம்பத்தில் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு, குறைந்தது 6 மாதம் வரை பார்க்க வேண்டும். புள்ளி மறைந்தாலும் நிறுத்தாதீர்கள். குழந்தைக்கு வயிறு சுருட்டி வலித்தால் குடல் செருகலா (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைவது) என்று அன்றே ஸ்கேன் பார்க்க வேண்டும்.

ஜனவரி 16
தோலோடு நிற்கும் பெரும்பாலானவை 2 முதல் 4 வாரத்தில் தானாக அடங்கும். ஓய்வு, காலை உயர்த்தி வைத்தல் போதும். கொப்புளமோ புண்ணோ வந்தால் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, பெரும்பாலும் உடல் எடை கிலோவுக்கு 0.5 மி.கி. அளவில், சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அவசரப்பட்டால் புள்ளிகள் திரும்பும். அழற்சியைத் தணிக்கும் டாப்சோன் மாத்திரை தருவதற்கு முன் ஜி6பிடி என்ற நொதியின் அளவைப் பார்க்க வேண்டும், அது குறைவாக உள்ளவருக்குச் சிவப்பணுக்கள் உடையும்.

புள்ளிகள் அடங்கியபின் நிற்கும் பழுப்புக் கறை, கசிந்த இரத்தத்தின் இரும்பு. கரைய மாதக்கணக்காகும், அதற்கு ஸ்டீராய்டு வேண்டாம்.